டெராஹெர்ட்ஸ் அலைகளின் தளவிளைவும் மீப்பொருள் கட்டுப்பாடும்: சணல் முறுக்கிலிருந்து மீப்பரப்பு வரை

ஆய்வுச் சுருக்கம்

டெராஹெர்ட்ஸ் அலைகள் நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்டவை. இயற்கைப் பொருள்கள் பலவற்றால் இவற்றின் தளவிளைவை விரும்பியவாறு மாற்ற இயலாது. அலைநீளத்தினும் சிறிய உலோக வடிவங்களை வரிசைப்படுத்தி ஆக்கப்படும் மீப்பொருள்கள் இக்குறையை நீக்குகின்றன. அவற்றின் செயல்முறையை இக்கட்டுரை எளிய கணக்கீடுகளின் துணையுடன் விளக்குகிறது. 1898இல் ஜகதீஷ் சந்திர போஸ் செய்த முறுக்கிய சணல் சோதனையும், 1956இல் பெங்களூரில் எஸ். பஞ்சரத்தினம் கண்ட கட்ட விதியும் இன்றைய மீப்பரப்புகளுக்கு அடிப்படையாக அமைவதைச் சுட்டுகிறது. ஒற்றை அடுக்கின் 25 விழுக்காட்டு வரம்பு, ‘ஒருவழிப் பாதை’ எனும் தவறான புரிதல் ஆகியவற்றை ஆராய்கிறது. ஓசூர், கிருட்டினகிரி தொழிற்பகுதியின் வண்ணப்பூச்சு, நெகிழிப் பாக அளவீடுகளில் தளவிளைவைப் புறக்கணித்தால் நேரும் பிழையின் அளவையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: டெராஹெர்ட்ஸ் அலை, தளவிளைவு, மீப்பொருள், மீப்பரப்பு, பஞ்சரத்தினம் கட்டம், ஓசூர்.

முன்னுரை

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது ஓசூர். சிப்காட் தொழிற்பேட்டைகளும், இருசக்கர ஊர்தி, கனரக ஊர்தி, கைக்கடிகாரம், மின்னணுப் பாகங்கள் ஆகியவற்றை உற்பத்தி செய்யும் ஆலைகளும் கிருட்டினகிரி மாவட்டத்தின் இப்பகுதியில் செறிந்துள்ளன. ஓர் ஊர்தியின் வெளிப்பாகம் முதற்பூச்சு, நிறப்பூச்சு, மேற்பூச்சு எனப் பல அடுக்குகள் பெற்று வெளிவருகிறது. ஒவ்வோர் அடுக்கும் சில பத்து மைக்ரோமீட்டர் தடிமன் உடையது. அடுக்கைத் தொடாமலும் கீறாமலும் தனித்தனியே அளக்கும் வழிகளுள் ஒன்று டெராஹெர்ட்ஸ் துடிப்பைச் செலுத்தி, திரும்பும் எதிரொலிகளின் நேர இடைவெளியைக் கணிப்பதாகும்.

இவ்வளவீட்டில் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு கூறு தளவிளைவு. துடிப்பின் மின்புலம் எத்திசையில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து அது பொருளுக்குள் செல்லும் வேகமும் ஆழமும் மாறுகின்றன. அத்திசையைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லையேல் அளவீடு ஐயத்திற்குரியதாகும். அக்கருவியை மீப்பொருள்கள் எவ்வாறு தருகின்றன என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

1. அலையும் அதன் தளமும்

டெராஹெர்ட்ஸ் பட்டை பொதுவாக 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரை எனக் கொள்ளப்படுகிறது. இது 3 மில்லிமீட்டர் முதல் 30 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தைக் குறிக்கும். ஒரு டெராஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் 300 மைக்ரோமீட்டர். ஓர் அதிர்வுக்கான காலம் ஒரு பிக்கோநொடி. ஒரு ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 4.1 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இவ்வாற்றல் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கப் போதாது. எனவே எக்ஸ் கதிரைப் போல இது பொருளைச் சிதைப்பதில்லை. நெகிழி, தாள், உலர்ந்த மரம், வண்ணப்பூச்சு ஆகியவற்றினூடே செல்லும், உலோகத்தில் எதிரொளிக்கும், நீரால் வலுவாக உட்கவரப்படும்.

மின்காந்த அலையின் மின்புலம் அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்கிறது. அவ்வதிர்வு ஒரே தளத்தில் நிலைத்திருந்தால் அது நேர்கோட்டுத் தளவிளைவு. மின்புலத்தின் முனை ஒவ்வோர் அதிர்வின்போதும் ஒரு வட்டத்தை வரையுமாயின் அது வட்டத் தளவிளைவு. சுழலும் திசைக்கேற்ப வலச்சுழி, இடச்சுழி என இருவகைப்படும். எந்த நேர்கோட்டுத் தளவிளைவையும் சம வீச்சுடைய வலச்சுழி, இடச்சுழி அலைகளின் கூட்டாக எழுதலாம். நேர்கோட்டின் சாய்வு அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கட்ட வேறுபாட்டில் பொதிந்துள்ளது. நேர்கோடு ஒரு கோணம் சுழன்றால் கட்ட வேறுபாடு அதன் இருமடங்கு மாறும். இவ்வுண்மை பின்னர்ப் பயன்படும்.

கண்ணுறு ஒளியின் தளவிளைவை மாற்றக் கால்சைட், குவார்ட்ஸ் முதலிய படிகங்கள் உள்ளன. அவற்றின் இருவேறு ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலான வேறுபாடு சிறியது. அலைநீளம் அரை மைக்ரோமீட்டராக இருக்கும்போது அச்சிறு வேறுபாடே போதும். அலைநீளம் 300 மைக்ரோமீட்டராகும்போது அதே விளைவைப் பெறப் படிகம் பல மில்லிமீட்டர் தடிமனாக வேண்டும். அதற்குள் உட்கவர்தலும் மிகும். மேலும் அத்தகடு ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே பொருளின் அணுக்களை நம்பாமல், பொருளின் வடிவத்தையே அணுவாக்கும் அணுகுமுறை தேவைப்பட்டது.

2. கல்கத்தாவின் முறுக்கிய சணல்

இவ்வணுகுமுறையின் தொடக்கம் இந்தியாவிலேயே காணக் கிடைக்கிறது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஜகதீஷ் சந்திர போஸ் 1890களின் நடுப்பகுதியில் 5 மில்லிமீட்டர் அளவிலான அலைநீளமுடைய மின்னலைகளை உண்டாக்கிக் கண்டறிந்தார். 5 மில்லிமீட்டர் என்பது 60 கிகாஹெர்ட்ஸ். டெராஹெர்ட்ஸ் பட்டையின் வாயிலுக்கு அருகில் உள்ள அதிர்வெண். அவருடைய தளவிளைவுக் கருவிகளுள் ஒன்று, பிராட்ஷா இருப்புப்பாதைக் கால அட்டவணை நூலின் பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகியதாகும். தகடுகளுக்கு இணையான மின்புலம் அவற்றில் மின்னோட்டத்தைத் தூண்டித் தடைபட்டது. செங்குத்தான மின்புலம் இடைவெளியில் கடந்தது. இன்றைய ஆய்வகங்களில் உள்ள கம்பிச்சட்டத் தளவிளைவாக்கியின் கோட்பாடும் இதுவே.

1898இல் இலண்டன் அரசக் கழகத்தின் நடவடிக்கை இதழில் வெளியான அவரது கட்டுரை இன்னும் ஒரு படி மேலே சென்றது. சணல் நாரைக் கற்றையாக்கி, சிலவற்றை வலப்புறமாகவும் சிலவற்றை இடப்புறமாகவும் முறுக்கினார். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கப்பட்ட தளவிளைவாக்கிக்கும் ஆய்விக்கும் இடையே அலை ஏற்பியை எட்டாது. முறுக்கிய கற்றையை இடையில் வைத்ததும் ஏற்பி மீண்டும் துலங்கியது. அலையின் தளம் சுழன்றுவிட்டது என்பதே அதன் பொருள். வல முறுக்கும் இட முறுக்கும் எதிரெதிர்த் திசைகளில் சுழற்றின. ஒளியின் தளத்தை இருதிசைகளிலும் சுழற்றும் சர்க்கரைக் கரைசல்களோடு போஸ் இதனை ஒப்பிட்டார்.

சணலின் வேதியியல் இங்கு முதன்மையன்று. முறுக்காத சணலிலும் முறுக்கிய சணலிலும் உள்ள பொருள் ஒன்றே, வேறுபட்டது வடிவம். வலக்கையும் இடக்கையும் போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத இப்பண்பை இக்கட்டுரை கைச்சார்பு எனக் குறிக்கிறது. இயற்கையில் மூலக்கூறு அளவில் நிகழ்வதை விரல் அளவுப் பொருளில் நிகழ்த்திக் காட்டியதால், கைச்சார்பு மீப்பொருள்களின் முன்னோடியாக இச்சோதனை இன்று கருதப்படுகிறது. பின்லாந்தின் கார்ல் லிண்ட்மன் சுருள் கம்பிகளைக் கொண்டு இதனையொத்த விளைவை 1920இல் வெளியிட்டார்.

3. வடிவமே பண்பாதல்

மீப்பொருள் என்பது அலைநீளத்தினும் குறைந்த இடைவெளியில் அடுக்கப்பட்ட செயற்கை அலகுகளின் தொகுதி. அலை ஒவ்வோர் அலகையும் தனித்தனியே காண்பதில்லை. முழுமையையும் ஒரு சீரான பொருளாகவே உணர்கிறது. 1999இல் ஜான் பென்றி குழுவினர் முன்மொழிந்த பிளவு வளையம் இவற்றுள் புகழ்பெற்றது. இடையில் வெட்டுண்ட உலோக வளையமே அது. வளையம் மின்தூண்டியாகவும் வெட்டு மின்தேக்கியாகவும் செயற்பட்டு, வானொலிப் பெட்டியின் இசைவுச் சுற்றைப் போலக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. 2004இல் இத்தகைய வளையங்கள் டெராஹெர்ட்ஸ் பட்டையில் காந்தத் துலங்கலைத் தருவது சோதனைவழி மெய்ப்பிக்கப்பட்டது.

இன்னும் எளிய அலகு குறுங்கம்பி. அதன் வடிவமைப்பைப் பின்வருமாறு கணிக்கலாம். சிலிக்கான் தகட்டின்மேல் உள்ள பொற்கம்பி அரை அலைநீள நீளத்தில் ஒத்ததிரும் எனக் கொள்க. கம்பியின் ஒருபுறம் காற்று, மறுபுறம் 3.42 ஒளிவிலகல் எண்ணுடைய சிலிக்கான். இரண்டின் மின்காப்பு மாறிலிகளின் சராசரியை எடுத்து வர்க்கமூலம் கண்டால் பயனுறு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.5 ஆகும். ஒரு டெராஹெர்ட்சில் 300 மைக்ரோமீட்டரை 2.5இன் இருமடங்கால் வகுக்க, கம்பியின் நீளம் 60 மைக்ரோமீட்டர் எனக் கிடைக்கிறது. அலகுகளின் இடைவெளி சிலிக்கானுக்குள் உள்ள அலைநீளமாகிய 88 மைக்ரோமீட்டரினும் குறைய வேண்டும்; மிகுந்தால் விளிம்பு விளைவால் அலை பக்கவாட்டில் சிதறும். பொன்னில் ஒரு டெராஹெர்ட்ஸ் அலை ஊடுருவும் ஆழம் 80 நானோமீட்டர் அளவே. ஆதலால் 200 நானோமீட்டர் பொற்படலம் போதுமானது.

அடித்தளப் பொருளின் தேர்வும் பண்பை முடிவு செய்கிறது. காற்றிலிருந்து சிலிக்கானுக்குள் நுழையும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு ஆற்றல் எதிரொளிக்கப்படுகிறது. 1.8 அளவு ஒளிவிலகல் எண்ணுடைய பாலிஇமைடு படலத்தில் இவ்விழப்பு 8 விழுக்காடாகக் குறைகிறது. ஊடுகடத்தும் சாதனங்களில் பாலிஇமைடு விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம்.

குறுங்கம்பி தன் நீளத்திற்கு இணையான மின்புலத்திற்கு மட்டுமே துலங்குகிறது. ஆகவே அதன் திசையே தளவிளைவுக் கட்டுப்பாட்டின் கைப்பிடி. கம்பியைத் திருப்பினால் பொருளின் அச்சே திரும்பிவிடுகிறது. படிகத்தில் அச்சு ஒன்றே. மீப்பரப்பில் ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனி அச்சு அமைக்கலாம்.

4. ஒற்றை அடுக்கின் வரம்பும் அதைக் கடந்த வழியும்

கிடைத்தளத்தில் அதிரும் அலையைச் செங்குத்துத் தளத்திற்கு மாற்ற வேண்டும் எனக் கொள்வோம். 45 பாகை சாய்ந்த கம்பி அடுக்கு ஒன்றே போதுமா? கம்பிக்கு இணையான பாதிக் கூறு முழுதும் எதிரொளிக்கப்படுகிறது. செங்குத்தான மறுபாதி கடக்கிறது. கடந்த அலை 45 பாகையில் அதிர்வதால் அதன் ஆற்றல் மீண்டும் கிடை, செங்குத்து என இரண்டாகப் பிரிகிறது. முடிவில் விரும்பிய தளத்தில் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு. எஞ்சிய மூன்று பங்குகளும் பிற தளத்திலோ பின்னோக்கியோ செல்கின்றன. இது செய்நேர்த்தியின் குறையன்று. மிக மெல்லிய மின்தகட்டின் இருபுறமும் அலையைச் சமமாக உமிழும் என்னும் சமச்சீரின் விளைவு. எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும் காந்தத் துலங்கல் அற்ற ஒற்றை மெல்லடுக்கால் 25 விழுக்காட்டைக் கடக்க இயலாது.

இவ்வரம்பை உடைத்த ஆய்வு 2013இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. நத்தானியல் கிரேடி, ஹூ-டாங் சென் ஆகியோர் அடங்கிய குழு மூன்று அடுக்குகளைப் பயன்படுத்தியது. நடுவில் சாய்ந்த குறுங்கம்பி வரிசை, முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று செங்குத்தான கம்பிச்சட்டங்கள், இடையே பாலிஇமைடு. முன்சட்டம் கிடையலையை உள்ளே விடும், செங்குத்தலையைத் திருப்பும். பின்சட்டம் இதற்கு நேர்மாறானது. நடுவரிசையில் மாறாது போன கிடையலை பின்சட்டத்தில் மோதித் திரும்பி நடுவரிசையை மீண்டும் சந்திக்கிறது. பின்னோக்கி உமிழப்பட்ட செங்குத்தலையும் முன்சட்டத்தில் மோதித் திரும்புகிறது. அடுக்குகளின் இடைவெளியைச் சரியாக அமைத்தால், பலமுறை திரும்பிய பகுதிகள் யாவும் ஒரே கட்டத்தில் வெளியேறி ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஒரு டெராஹெர்ட்சுக்கு அருகில் ஏறத்தாழ 80 விழுக்காட்டு மாற்றமும், ஒரு டெராஹெர்ட்சுக்கும் மிகுந்த அகலமான பட்டையில் 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றமும் எட்டப்பட்டன. இழக்கப்படுவதாகத் தோன்றியதை மீண்டும் பயன்படுத்தியதே இதன் நுட்பம்.

5. பஞ்சரத்தினம் கட்டம்

தளவிளைவை மாற்றுவது ஒருபுறமிருக்க, தளவிளைவின் வாயிலாக அலையின் திசையையே மாற்றும் வழி ஒன்று உண்டு. அதன் வேர் ஓசூருக்கு அண்மையில் உள்ள பெங்களூரில் இருக்கிறது. இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். பஞ்சரத்தினம், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். 1934இல் பிறந்த அவர் 1956இல், தம் இருபத்திரண்டாம் வயதளவில், தளவிளைவுற்ற ஒளிக்கற்றைகளின் குறுக்கீடு பற்றிய பொதுக்கோட்பாட்டை இந்திய அறிவியல் அகாதமியின் நடவடிக்கை இதழில் வெளியிட்டார். வெவ்வேறு தளவிளைவுடைய இரு கற்றைகள் எப்போது ஒரே கட்டத்தில் உள்ளன எனக் கூறலாம் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அவ்விரண்டும் சேர்ந்து மிகுதியான செறிவைத் தரும் நிலையையே அவர் ‘ஒரே கட்டம்’ என வரையறுத்தார்.

அவ்வரையறையிலிருந்து வியப்பான முடிவு ஒன்று பிறந்தது. தளவிளைவு நிலைகள் அனைத்தையும் புவான்கரே கோளம் எனப்படும் கோளத்தின் பரப்பில் புள்ளிகளாகக் குறிக்கலாம். வலச்சுழியும் இடச்சுழியும் துருவங்கள். நேர்கோட்டு நிலைகள் நடுக்கோட்டில் அமையும். ஓர் அலையின் தளவிளைவு இக்கோளத்தில் ஒரு மூடிய பாதையில் சென்று தொடங்கிய நிலைக்கே திரும்பினால், அதன் கட்டம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பாதை அடைக்கும் திண்மக்கோணத்தின் பாதியளவு கட்டம் கூடிவிடுகிறது. பாதையின் வடிவத்தை மட்டும் சார்ந்திருப்பதால் இது வடிவியல் கட்டம் எனப்படுகிறது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்முடிவு பரவலாகக் கவனிக்கப்படவில்லை. மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இதனையொத்த கட்டத்தை 1984இல் வெளியிட்ட பின்னர், எஸ். இராமசேஷனும் இராஜாராம் நித்யானந்தாவும் 1986இல் கரண்ட் சயின்ஸ் இதழில் பஞ்சரத்தினத்தின் முன்னோடிப் பணியைச் சுட்டினர். பெர்ரியும் 1987இல் அதனை ஏற்று விளக்கிக் கட்டுரை எழுதினார். பஞ்சரத்தினமோ 1969இலேயே ஆக்ஸ்போர்டில், முப்பத்தைந்து வயதில் மறைந்திருந்தார்.

மீப்பரப்பில் இவ்விதி செயற்படும் முறை பின்வருமாறு. ஓர் அலகு வலச்சுழியை இடச்சுழியாக மாற்றுகிறது எனில், தளவிளைவு நிலை கோளத்தில் ஒரு துருவத்திலிருந்து மறுதுருவத்திற்குச் செல்கிறது. அலகைத் தன் தளத்தில் ஒரு கோணம் திருப்பினால் அப்பாதை அதன் இருமடங்கு கோணம் விலகிய மற்றொரு தீர்க்கக்கோட்டின் வழிச் செல்லும். இரு பாதைகளுக்கும் இடைப்பட்ட பிறைவடிவப் பரப்பின் திண்மக்கோணம் திருப்பிய கோணத்தின் நான்மடங்கு. அதன் பாதி இருமடங்கு. அதாவது அலகை 22.5 பாகை திருப்பினால் வெளியேறும் அலையின் கட்டம் 45 பாகை மாறும். அளவையோ பொருளையோ மாற்ற வேண்டியதில்லை, திருப்பினாலே போதும்.

75 மைக்ரோமீட்டர் இடைவெளியில் எட்டு அலகுகளை, ஒவ்வொன்றையும் முன்னதினும் 22.5 பாகை திருப்பி வைத்தால், 600 மைக்ரோமீட்டர் தொலைவில் கட்டம் ஒரு முழுச்சுற்றை நிறைவு செய்யும். ஒரு டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மைக்ரோமீட்டர். ஆகவே விலகு கோணத்தின் சைன் மதிப்பு 0.5; கோணம் 30 பாகை. எதிர்ச்சுழியில் கட்டத்தின் குறி மாறுவதால் அது மறுபுறம் 30 பாகை விலகும். மாறாத பகுதி நேரே செல்லும். தட்டையான ஒரு படலம் வலச்சுழியையும் இடச்சுழியையும் இருவேறு திசைகளில் பிரித்தனுப்புகிறது.

6. ‘ஒருவழிப் பாதை’ எனும் தவறான புரிதல்

மீப்பொருள் இலக்கியத்தில் சமச்சீரற்ற ஊடுகடத்தல் என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. தளக் கைச்சார்புடைய அமைப்புகளில் இவ்விளைவு 2006இல் நுண்ணலையிலும், ரஞ்சன் சிங் உள்ளிட்டோரின் ஆய்வில் 2009இல் டெராஹெர்ட்சிலும் காட்டப்பட்டது. ஒரே சுழியுடைய அலை முன்புறமிருந்து வரும்போது ஓர் அளவிலும் பின்புறமிருந்து வரும்போது வேறு அளவிலும் கடப்பதே இவ்விளைவு. அத்தகைய தள அமைப்பில் ஆற்றல் இழப்பும் இன்றியமையாதது. இழப்பில்லையேல் இவ்வேறுபாடு தோன்றாது.

இதனை மின்னோட்டத்தை ஒருபுறம் மட்டும் விடும் டையோடுக்கு ஒப்பிடுவது பிழை. மேற்கண்ட மூவடுக்கு அமைப்பைக் கொண்டு இதனைத் தெளியலாம். முன்புறமிருந்து வரும் கிடையலை செங்குத்தலையாக மாறிப் பின்னே வெளியேறுகிறது. பின்புறமிருந்து வரும் கிடையலை பின்சட்டத்தில் தடுக்கப்படுகிறது. இவ்விரண்டை மட்டும் ஒப்பிட்டால் ஒருவழிப் பாதை போலத் தோன்றும். ஆனால் வெளியேறிய செங்குத்தலையை ஓர் ஆடியால் திருப்பினால் அது பின்சட்டத்தைக் கடந்து, கிடையலையாக மாறி, வந்த வழியே மூலத்தை அடைந்துவிடும். சென்ற பாதையை அலை திரும்ப நடக்க இயலும் என்னும் இருதிசைச் சமன்மை இங்கு மீறப்படவில்லை. எதிரொளிப்பிலிருந்து மூலத்தைக் காக்கும் உண்மையான தனிப்படுத்திக்குக் காந்தப்புலமோ, நேரியலற்ற துலங்கலோ, காலத்தால் மாறும் பண்போ தேவை. இவ்வேறுபாட்டை உணராது சாதனத்தை வடிவமைப்போர், பாதுகாப்பு இருப்பதாக நம்பி இல்லாத இடத்தில் நிற்க நேரும்.

7. தொழிற்பகுதியில் தளவிளைவின் இன்றியமையாமை

ஓசூர் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். 50 மைக்ரோமீட்டர் தடிமனும் 2 ஒளிவிலகல் எண்ணும் உடைய வண்ணப்பூச்சு அடுக்கின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எழும் எதிரொலிகளின் கால இடைவெளி 0.67 பிக்கோநொடி. உலோக உடலின்மேல் அலை செங்குத்தாக விழும்வரை தளவிளைவு இதைப் பெரிதும் பாதிப்பதில்லை. எடை குறைப்பிற்காக உலோகத்திற்கு மாற்றாக இழை வலுவூட்டிய நெகிழிப் பாகங்கள் வரும்போது நிலைமை மாறுகிறது. கரிம இழைப் பாகங்கள் இழைக்கு இணையான மின்புலத்தை மிகுதியாகவும் செங்குத்தானதைக் குறைவாகவும் எதிரொளிக்கின்றன. கண்ணாடி இழைப் பாகங்களில் இழையின் திசைக்கேற்ப ஒளிவிலகல் எண் வேறுபடுகிறது.

அவ்வேறுபாட்டை 0.05 எனவும் தகட்டின் தடிமனை 3 மில்லிமீட்டர் எனவும் கொண்டு கணித்தால், இரு தளங்களுக்கிடையே பாதை வேறுபாடு 150 மைக்ரோமீட்டர். கால வேறுபாடு 0.5 பிக்கோநொடி. தேடப்படும் வண்ணப்பூச்சின் இடைவெளிக்கு இது மிக அருகில் உள்ளது. இன்னொன்றும் கருதத்தக்கது. ஒரு டெராஹெர்ட்சில் 150 மைக்ரோமீட்டர் என்பது சரியாக அரை அலைநீளம். இழைக்கு 45 பாகை சாய்ந்த நேர்கோட்டு அலை இத்தகட்டைக் கடந்ததும் 90 பாகை திரும்பிவிடும். தொடக்கத் திசையை மட்டும் அறியும் ஏற்பி அந்த அதிர்வெண்ணில் எதையும் காணாது. நல்ல பாகம் அலையை உட்கவரும் குறைப்பாகம் எனப் பதிவாகலாம். அளக்கப்படும் பொருளே அறியாத ஒரு தளவிளைவு மாற்றியாகச் செயற்படுவதால் விளையும் பிழை இது.

தீர்வு, கிடை, செங்குத்து ஆகிய இரு கூறுகளையும் கட்டத்துடன் அளப்பதாகும். கம்பிச்சட்டங்களை மாறி மாறித் திருப்பி அளக்கலாம். ஆய்வகத்திற்கு அது பொருந்தும், ஓடும் உற்பத்தி வரிசைக்குக் காலம் போதாது. ஐந்தாம் பிரிவில் கண்ட மீப்பரப்பு இங்குப் பயன்படுகிறது. இருசுழிகளும் இருபுறமும் பிரிவதால் இரண்டு ஏற்பிகள் ஒரே துடிப்பில் அவற்றைப் பெறலாம். காலக்கள டெராஹெர்ட்ஸ் அளவீடு கட்டத்தை நேரடியாகத் தருவதால், இரு கற்றைகளின் கட்ட வேறுபாட்டின் பாதியே தளம் திரும்பிய கோணம். எப்பகுதியும் சுழல வேண்டியதில்லை.

எல்லைகளும் தெளிவானவை. விலகு கோணம் அலைநீளத்தைச் சார்ந்தது, 0.8 டெராஹெர்ட்சில் ஏறத்தாழ 39 பாகை, 1.2 டெராஹெர்ட்சில் 25 பாகை. ஆகவே அகலமான துடிப்பின் பகுதிகள் விசிறிபோல் விரியும். ஏற்பியின் அகலம் அதற்கேற்ப அமைய வேண்டும். ஒற்றை அடுக்காயின் 25 விழுக்காட்டு வரம்பு இங்கும் பொருந்தும். காற்றின் ஈரம் 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸ் முதலிய அதிர்வெண்களில் அலையை வலுவாக விழுங்கும். மழைக்காலத்தில் ஆலைத்தளத்தில் அளப்போர் பாதையை உலர்காற்றால் நிரப்புவதோ அவ்வதிர்வெண்களை விலக்குவதோ தேவைப்படும்.

8. ஆக்கமும் வாய்ப்பும்

ஒரு டெராஹெர்ட்ஸ் மீப்பரப்பின் கம்பிகளை ஆக்க ஒளிவழி அச்சாக்க வசதியுள்ள தூய்மை அறை வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நானோ ஆக்க மையமும், வெளி ஆய்வாளர்க்கு அத்தகைய வசதிகளைத் திறந்துவிடும் இந்திய நானோமின்னணுப் பயனர் திட்டமும் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்க்குரிய வாயில்களாகும்.

பட்டையின் கீழ்ப்பகுதிக்குத் தூய்மை அறையும் தேவையில்லை. 0.3 டெராஹெர்ட்சில் அலைநீளம் ஒரு மில்லிமீட்டர். மின்காப்பு மாறிலி 3 உடைய பலகையில் பயனுறு ஒளிவிலகல் எண் 1.4, குறுங்கம்பியின் நீளம் ஏறத்தாழ 350 மைக்ரோமீட்டர். இத்தகைய கம்பிகளை 75 முதல் 100 மைக்ரோமீட்டர் அகலத்தில் அரித்தெடுப்பது மின்சுற்றுப் பலகைத் தொழிலின் வழக்கமான எல்லைக்குள் அடங்குவது. மின்னணு உற்பத்தி வளர்ந்துவரும் ஓர் எல்லைப்பகுதியில், கல்லூரி ஆய்வகம் வரைந்த வடிவை அருகிலுள்ள பலகை ஆலையே ஆக்கித்தர இயலும். இந்திய அரசு 2023 மார்ச்சில் வெளியிட்ட பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணத்தின் பின்னணியில் இப்பட்டையின் தகவல்தொடர்புப் பயன்பாடும் கவனம் பெறுகிறது.

நிலையான வடிவங்களுக்கு அடுத்த நிலை இயங்கும் வடிவங்கள். 2006இல் காலியம் ஆர்சனைடின்மேல் அமைந்த பிளவு வளைய வரிசைக்கு மின்னழுத்தம் கொடுத்து ஊடுகடத்தலை ஏறத்தாழ பாதியளவு மாற்றிக் காட்டினர். 68 பாகை செல்சியசுக்கு அருகில் மின்காப்பிலிருந்து உலோகமாக மாறும் வனேடியம் டைஆக்சைடும் இவ்வகையில் பயன்படுத்தப்படுகிறது. பொத்தான் ஒன்றால் தளவிளைவை மாற்றும் கருவிகள் இவற்றின் வழியே உருவாகின்றன.

முடிவுரை

மீப்பொருள் அலையைக் கட்டுப்படுத்துவது பொருளின் அருமையால் அன்று. அலகின் வடிவாலும் திசையாலும் அடுக்கின் ஒழுங்காலும் ஆகும். முறுக்கிய சணலும் சாய்ந்த பொற்கம்பியும் இவ்வகையில் ஒன்றே. ஒற்றை மெல்லடுக்கின் மாற்றுத்திறன் 25 விழுக்காட்டில் நிற்கிறது. திரும்பும் அலையை மீண்டும் பயன்படுத்தும் அடுக்கமைப்பு அதனைக் கடக்கிறது. அலகைத் திருப்புவதால் எழும் கட்டம் பஞ்சரத்தினம் வகுத்த விதியிலிருந்து நேரே கிடைக்கிறது. சமச்சீரற்ற ஊடுகடத்தல் ஒருவழிப் பாதை அன்று. இழை வலுவூட்டிய பாகங்களை அளக்கும்போது தளவிளைவைப் புறக்கணித்தால், பிழை அளக்கப்படும் அளவுக்கே நிகராகிவிடும்.

பஞ்சரத்தினத்தின் கட்டுரை இந்திய இதழ் ஒன்றில் வெளிவந்தும் முப்பதாண்டுகள் படிக்கப்படாதிருந்தது. அது எழுதப்பட்ட நகருக்கும் அதன் பயன் தேவைப்படும் ஆலைகளுக்கும் இடையே இன்று உள்ளது ஒரு மணிநேரப் பயணம். அத்தொலைவைக் குறைக்கப் புதிய கோட்பாடு வேண்டியதில்லை. கணக்கீட்டைப் பலகையில் வடித்து, பாகத்தின்மேல் அளந்து, முடிவைத் தமிழிலும் பதிவுசெய்யும் ஆய்வுகளே வேண்டும்.